வெற்றிடத்துக்கு வணக்கம் சொன்ன பாஸ்டர்

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ராயபுரத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் நகர்ந்து வரும். முதல் வீட்டுத் தாழ்ப்பாள் விழும், பிறகு அடுத்த வீட்டுத் தாழ்ப்பாள், அதற்கடுத்தது. அந்தச் சத்தத்துக்குச் சற்றுப் பின்னால், வெள்ளைக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, எங்கள் பாஸ்டர் ஐயா தனியாக நடந்து வருவார். எங்கள் தெருக்காரர்கள் போலீசுக்கே வழிவிடாதவர்கள். வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் ஒரு வயதான மனிதருக்குத்தான் அப்படி நடுங்கினார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன்.

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். பிரசங்கத்தில் பரலோகத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார், குழாயடியைப் பற்றித்தான் பேசுவார். வரிசையில் உன் குடத்தை நகர்த்தி வைத்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தச் சமாதானம் எதற்கு என்று கேட்பார். மீன் கழுவின தண்ணீரை அடுத்த வீட்டு வாசலில் ஊற்றாதே என்பார். சண்டையை ஊறப்போடாதே, அது ஊறுகாய் இல்லை என்பார். கேட்டுச் சிரிப்போம். ஆரம்பத்தில் அவரை எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பயம் எப்படித் தொற்றியது என்றால், வீடு வீடாகச் சபையாரைச் சந்திக்க வரும்போது அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சில வீடுகளில் மட்டும், உள்ளே நுழைந்ததும் வீட்டாரிடம் பேசுவதற்கு முன்னால், யாருமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து லேசாகத் தலை தாழ்த்துவார். நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு வணக்கம் சொல்வதைப்போல. அதன்பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ரயில்வே ஃபிட்டர் வீட்டில், ஃபிட்டருடைய தாயாரின் கட்டிலோரம் பார்த்துத் தலை தாழ்த்தினார். அந்த அம்மாள் அந்த வாரம் தாண்டவில்லை. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் தொட்டில் பக்கம் பார்த்தார். அதைச் சொல்ல இப்போதும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று வீடுகளில் அப்படி நடந்ததும், அவர் காலடி ஆகாது என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

அப்போதுதான் அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, பாஸ்டர் ஐயா வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுக்க வேண்டும். நைனா, என் அப்பா, ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், மலைபோன்ற ஆள், ஒரு நாள் ஜுரம் என்று படுத்துப் பார்த்ததில்லை. அவர் கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “அவரு காலு இந்த வூட்ல பட்டுச்சுன்னா உங்கம்மா நமக்கு இல்ல” என்றார் என்னிடம். அந்தக் கண்ணில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அம்மா இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடிக்கத் தெரியாத மனிதர்.

கடலிலிருந்து மூடுபனி தெருவுக்குள் ஏறியிருந்த ஒரு சாயங்காலம், தாழ்ப்பாள்களின் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் வந்து நின்றது. யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே ஐயா நிற்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். நான் நைனாவைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் தடுப்பார் என்றிருந்தேன். அவர் எழுந்து எதிர்மூலைக்குப் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

வாசலிலேயே ஐயாவை நிறுத்தி, நீங்கள் வணக்கம் சொல்வது யாருக்கு என்று கேட்டேன். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: “நான் யாரையும் கூட்டிட்டு வரலம்மா. எனக்கு முந்தியே வந்து இருக்கு. அதோட ஒரு மனுசர் தனியா இருக்கக் கூடாதுல்லா, அதான் வாரேன்.”

உள்ளே வந்தார். அவர் பார்வை அம்மாவின் கட்டிலைத் தொட்டது, நிற்காமல் கடந்து போனது. எதிர்மூலையில், நைனாவின் தோளுக்கு அருகே இருந்த வெற்றிடத்தில் போய் நின்றது. அங்கே பார்த்துத் தலை தாழ்த்தினார்.

நைனா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நைனாவின் முகத்தில் வந்தது பயமா, அம்மாவுக்கு இல்லை என்ற நிம்மதியா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐயா அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்தார். பிறகு நாற்காலியை நைனாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, உங்க அண்ணன் எப்படி இருக்காரு?”

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இருந்த பெரியப்பாவோடு நைனாவுக்குப் பல வருடப் பகை. தங்கள் தாய் இறந்தபோது தம்பி வரும்வரை காத்திருக்காமல் பெரியப்பா அடக்கத்தை முடித்துவிட்டார். பெற்றவளுக்குத் தோள் கொடுக்க முடியவில்லையே என்று நைனா அவர் பெயரைக்கூட வீட்டில் சொல்லவிட்டதில்லை. அன்றைக்கு மட்டும், நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள் என்று ஐயா சொன்னதற்கு, “சரிங்கய்யா” என்றார்.

மறுநாள் அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானும் அவரோடு எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். பெரியப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமலேயே, “துன்னியா?” என்று கேட்டார். நைனா இல்லை என்றார். இருவரும் ஒரே சட்டியிலிருந்து மடவை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். தங்கள் தாய் செத்த அன்றைக்கு எத்தனை பேரைத் தேடி அனுப்பினேன் என்று பெரியப்பா சொல்லச் சொல்ல, நைனா சோற்றில் கைவைத்தபடியே அழுதார்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒருநாள் நைனா ஹார்பரில் மதியச் சாப்பாடு முடித்து மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கும்போது யாரையும் முந்தவிடாமல் முதல் தோள் கொடுத்தவர் பெரியப்பா.

அதன்பிறகு தெருவில் தாழ்ப்பாள் சத்தம் இன்னும் கூடியது. கொஞ்ச நாளில் ஐயாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கும் அவர்மேல் ஆறாத கோபம் இருந்தது. கதவைத் திறந்தவள் நானாயிற்றே. இன்று கண்டெய்னர் லாரிகள் அலறும் அந்தத் தெருவில் கதவுகள் நாள் முழுக்கச் சாத்தியே கிடக்கின்றன. ஜெபம்கூட ஃபோனில் முடிந்துவிடுகிறது, யார் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை.

அம்மா தேறி எழுந்து, என் பிள்ளைகளையும் வளர்த்துவிட்டுத்தான் போனாள். ஒருமுறை அவளிடம் என் கோபத்தைக் கொட்டினேன், பாஸ்டரை உள்ளே விட்டதால்தானே நைனா போனார் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அவரு வரலேன்னா உங்க நைனா சாவாம இருந்திருப்பாருன்னா நெனைக்கிற? அண்ணன் வூட்டு சோறு துன்னாம செத்திருப்பாரு.”