அரை மணியை மூன்றாக வெட்டியவள்

எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்குத்தான் என்று ஊரே சொல்கிறது. அந்த ஒரு சாணும் இல்லாத ஒருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் சட்டைக் கம்பெனியில் எனக்கு முந்தின மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். காலர் வைத்துத் தைப்பதால் காலர் அக்கா. புற்று வந்து இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துப் பாதி ஆளாகத் திரும்பி வந்தாள்.

இனி அவள் விழுங்குவது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் இரண்டு மணிக்கொரு தடவை சின்ன டப்பாவைத் திறப்பாள். அவித்த முட்டை பாதி, ரொட்டி ஒரு துண்டு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவாள். கூடவே தண்ணீர் குடிக்கக் கூடாது. அது அரை மணி கழித்துத்தான். எல்லாம் முடியப் பத்து நிமிடம் ஆகும்.

எங்கள் வேலையில் பத்து நிமிடம் பெரிய விஷயம். முப்பது மிஷின்கள் வரிசையாக. அவள் காலர் வைத்துத் தந்தால்தான் நான் சட்டைக்குக் கை தைக்க முடியும். அவள் நிறுத்தினால் எனக்குப் பின்னால் அத்தனை பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான். "எப்பப் பாரு தின்னுக்கிட்டே இருக்காங்க" என்று சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். இதைச் சொல்லும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சூப்பர்வைசர் வந்தார். "மணி அடிச்சா அரை மணி நேரம் சாப்பாடு. அதுல வயிறு முட்டத் தின்னுட்டு வா. நடுவுல டப்பாவத் தொறக்கக் கூடாது."

"அதே அரை மணியத்தான் சார் மூணாப் பிரிச்சுக் கேக்குறேன். காலையில பத்து நிமிஷம், சாப்பாட்டு மணிக்குப் பத்து, சாயங்காலம் பத்து. ஒரு நிமிஷம்கூட கூடுதலா வேணாம்."

"உனக்குன்னு தனிச் சட்டமா?"

வயிறு முட்டவாம்! முட்டுவதற்கு வயிறு எங்கே இருக்கிறது, அறிவு கெட்ட மனுஷனே?

இந்த வேலை போனால் இந்த உடம்பை வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அன்று மதியம் கேன்டீனில் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நிற்க, தட்டு நிறையச் சோற்றையும் மேலே வைத்த இனிப்பையும் விழுங்கினாள்.

மிஷினுக்குத் திரும்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை. முகம் வெளுத்தது, வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்கிறது என்றவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கழிவறைக்குத் தாங்கிக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே நின்று அவள் முனகலைக் கேட்டேன். வரிசை ஐம்பது நிமிடம் நின்றது.

"உன்னால முடியலம்மா. வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல ரெஸ்ட் எடு" என்றார் சூப்பர்வைசர், ரொம்ப அக்கறையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தின்னச் சொன்னதும் நீங்க, இப்பப் போகச் சொல்றதும் நீங்களா?" என்று கத்தினேன்.

"மொதல்ல வந்து சொன்னது நீதானம்மா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் என் போக்குல விடுங்க சார். சாயங்காலம் ஒரு காலர் குறைஞ்சாலும் நானே எழுதிக் குடுத்துர்றேன்" என்றாள்.

வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்டி. நாளைக்கு நான் டப்பாவத் தொறக்கும்போது மொறைக்காம இரு, போதும்."

மறுநாள் காலை அவள் மென்றபோது எங்கள் கைகள் சும்மா இருந்தன, உண்மைதான். யாரும் முறைக்கவில்லை. ஆனால் மதியம் நாங்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது, இருபது நிமிடம் தனியாக ஓடிய அவள் மிஷின் எனக்கு ஒரு கட்டுச் சட்டையைக் குவித்து வைத்திருந்தது. சாயங்காலம் அவள் டப்பாவைத் திறந்தபோது வரிசை நிற்கவே இல்லை.

சூப்பர்வைசர் இரண்டு தடவை எண்ணினார். தினக் கணக்கைவிடப் பதினெட்டு காலர் கூடுதல். "சரி, மூணாவே பிரிச்சுக்கோ" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "பரவாயில்லையே, வயித்த எடுத்தா வேலை நல்லா ஓடும்போல. எல்லாருக்கும் எடுத்துரலாமா?" என்று சிரித்தார். பின்வரிசையில் ரெண்டு பேர் கூடவே சிரித்தார்கள்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், என் வயித்த வெட்டி எடுத்தவருகூட மயக்க மருந்து குடுத்துட்டுத்தான் வெட்டினாரு."