மச்சாளின் சுடுதண்ணிப் போத்தல்

பச்சை நிறம், அடியில் ஒரு நெளிவு. மூடியைக் கழற்றினால் அதுவே கோப்பை. ஒருவர் குடிக்கத்தான் காணும். மச்சாளின் அந்தச் சுடுதண்ணிப் போத்தல் இப்போது என் சமையலறைத் தட்டில் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் பழைய எரிச்சலும் கொஞ்சம் கையில் ஒட்டிக்கொள்கிறது. மறைத்து என்ன பயன்? என் அண்ணையின் மனைவியைப் பார்த்து நான் மூன்று வருடம் வயிறெரிந்தவள்.

அவள் மன்னாரிலிருந்து மணப்பெண்ணாக மொன்றியலுக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். என் வயதுதான், இரண்டு மாதம் இளையவள். இந்த ஊரில் வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள், குளியலறை அரைக் கணக்கு. வில்லரேப் பகுதியில் எங்களுடையது நாலரை. அதற்குள் அம்மா, பெரியம்மா, அண்ணை, மச்சாள், நான் என்று ஐந்து பேர். வந்த இரண்டாம் வருடமே அவள் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டாள். கர்க்லாண்ட் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிப் பின்னேரம் இறக்கும் வேலை. ஐந்தடிகூட இல்லாத பெண் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்புவதை ஊரே கதைத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஆட்கள் அவளைச் சுற்றி நிற்பார்கள். அம்மா ஏதோ தானே ஓட்டுவதுபோலப் பதில் சொல்வாள். நான் தனியே போய்க் காருக்குப் பக்கத்தில் குளிரில் நிற்பேன்.

நான் கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த காலம் அது. ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத மாப்பிள்ளை, அதுதான் பெரிய கரைச்சல். "ஓமோ இல்லையோ, வாயைத் திறந்து சொல்லு பிள்ளை. ஈஸ்ரருக்கு முன்னம் அவைக்கு முடிவு சொல்லவேணும்" என்று அம்மா நாள் தவறாமல் கேட்டாள். படிப்பு வேண்டாம், பெட்டி வேண்டாம், ரொறன்ரோ வேண்டாம். வேண்டாதது எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேண்டியது என்னவென்றுதான் தெரியவில்லை. மச்சாள் பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதோ அவள் முகத்தில் ஓர் அமைதி இருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். களைப்புக்கூட அவளுக்கு அழகாக வந்தது.

பொறாமைக்காரி என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்தேன். அதே பஸ் ஓட்டும் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்தேன். மூன்று நாள் போனேன். அத்தனை கண்ணாடிகளிலும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொன்னார்கள். ஒன்றிலும் எனக்குப் பிடித்தது எதுவும் தெரியவில்லை. பழகுவதற்காகப் பிள்ளைகளோடு ஒரு பயணம் கூட்டிப்போனார்கள். அந்தக் கூச்சல் அன்று முழுவதும் காதுக்குள் நின்றது. நாலாம் நாள் போகாமல், மத்தியானம் மச்சாளைத் தேடிப் போனேன்.

காலைப் பயணத்துக்கும் பின்னேரப் பயணத்துக்கும் நடுவில் அவள் பஸ்ஸை ஒரு விளையாட்டு மண்டபத்தின் பின்புறம் நிறுத்தியிருப்பாள். நான் ஏறியபோது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தான் குடித்து முடித்து, அதே மூடியில் எனக்கும் ஊற்றித் தந்தாள்.

"எனக்கு இது சரிவராது மச்சாள். பஸ்ஸும் வேண்டாம், பிள்ளையளின்ரை சத்தமும் வேண்டாம்" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "உமக்கு என்னிலை எரிச்சல் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். எரியட்டும், பிழையில்லை. ஆனா என்னட்டை இருக்கிற எதிலை எரிச்சல் எண்டு நீர் இன்னும் பாக்கேல்லை."

"எனக்கென்ன எரிச்சல்?" என்று கேட்டேன். குரலே காட்டிக்கொடுத்தது.

"சரி, இரும். நான் உள்ளுக்கை போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவள் மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

கதவு மூடிக்கொண்டது. வெறும் இருக்கைகளும், கண்ணாடியில் விழுந்த பனியும், நானும். வீட்டில் நான் பெரியம்மாவோடு ஒரே கட்டிலில் படுப்பவள். அங்கே தொலைக்காட்சி ஓயாது, தொலைபேசியில் கத்திக் கதைப்பது ஓயாது. இங்கே யாரும் ஓமோ இல்லையோ என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றினேன். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தேன். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. திடீரென்று கதவு மடிந்து திறந்தது. மச்சாள் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு ஏறினாள். ஏன் இவ்வளவு கெதியாக வந்தாள் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளுடைய பஸ், அவளுடைய தேத்தண்ணி. ஆனாலும் கேட்காமல் என் வீட்டுக்குள் புகுந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப தெரிஞ்சுதோ?"

தெரிந்தது. ஸ்டியரிங்கிலோ கோயில் வாசல் புகழிலோ எனக்கு ஆசை இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாலைந்து மணித்தியாலம் அவள் யாருக்கும் மருமகளாகவோ மனைவியாகவோ இல்லாமல் சும்மா இருந்தாளே, எரிச்சல் அதில்தான்.

அன்றைக்கே ரொறன்ரோவுக்கு இல்லை என்று சொன்னேன். தனியே ஓர் இரண்டரை அறை வீடு எடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். கலியாணமாகாத பெண் தனியே இருப்பதா என்று அம்மா தவக்காலம் முடியும்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அண்ணையைச் சமாளித்தது மச்சாள். ஜூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறும் நாளில், என் பெட்டிகளை அவளும் தூக்கி வந்தாள். போகும்போது போத்தலை என் சமையலறைத் தட்டில் வைத்தாள். முதல் பிள்ளை வயிற்றில், பஸ்ஸை விட்டுவிட்டாள். "எனக்கினி ஆறியிருந்து குடிக்க எங்கை நேரம்" என்றாள். புதுக் கதவின் திறப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அண்ணையாக்கள் நகர ஓரத்து இல்-பிசாரில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகள், அம்மா, பெரியம்மா எல்லோரும் அங்கேதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மச்சாள் மட்டும் பஸ் மாறி மாறி என்னிடம் வருவாள். நான் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பேன். ஜன்னலோரத்து என் கதிரையில் உட்கார்ந்து, "உமக்குக் கடையிலை ஏதும் வாங்க இல்லையோ?" என்று கேட்பாள். ஒன்றும் வாங்க இருக்காது. ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்குவேன். குளிரில் தெருவைச் சுற்றும்போது எனக்குப் பழையபடி பற்றிக்கொண்டு வரும். என் கதிரை, என் ஜன்னல், என் அமைதி. என்னைவிட அவளுக்குத்தான் அது ருசிக்கிறது.

போன சனிக்கிழமை, வீட்டில் இருக்கும் பாலையே இன்னொரு தரம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். பச்சை மூடியைக் கையில் வைத்திருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு நொடிதான். அந்த முகத்தில் அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு வந்த அதே சுள்ளென்ற கோபம்.

"ஒரு சாமான் மறந்துபோனன்" என்று சொல்லி, கதவை மெல்லச் சாத்திவிட்டு மறுபடியும் படியிறங்கினேன்.