மட்காட்டில் ஆள் ஏறக் கூடாது

இண்டூர் சாலையில் இருக்கிறது என் வெல்டிங் பட்டறை. அருள்குமார் பட்டறை என்று போர்டு வைத்திருந்தாலும், வாயாடி பட்டறை என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வாயாவது இருக்க வேண்டாமா? ஆனால் காவேரியிடம் மட்டும் அந்த வாய் செல்லுபடியாகவில்லை.

போன கோடையில் ஒரு மத்தியானம், டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். அவள் மாமனார் காலத்து வண்டி. முன்னால் மண் அள்ளுகிற லோடரை மாட்டியிருந்தாள். பாரம் தாங்காமல் முன் ஆக்ஸில் நடுவில் தொய்ந்துபோய், சக்கரங்கள் இரண்டும் புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி காலை அகட்டி நின்றன.

“இத நிமித்திக் குடுங்கண்ணா. இனிமே வளையக் கூடாது.”

“இது டிரெய்லர் இழுக்கற வண்டிம்மா. மண்ணு அள்ளற வண்டி இல்ல. லோடரக் கழட்டி வித்துப்புட்டு நிம்மதியா இரு.”

“நிம்மதிய நான் கேட்டனா? ஆக்ஸிலத்தான கேட்டன்?”

அடேயப்பா! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் ஜாக்கியை எடுக்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. லோடர் மண்ணைத் தூக்கும்போது பாரமெல்லாம் முன்னால் போய், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்படி எழும்பாமல் இருக்க, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்காடு இரண்டிலும் ஆளுக்கு ஒருவராக உட்கார வைப்பார்கள். ‘எடைக்கு ஆள்’ என்று அதற்குப் பெயர். கூலியும் உண்டு. மனிதனை மூட்டை மாதிரி ஏற்றி உட்கார வைப்பது இங்கே யாருக்கும் தப்பாகவே தெரிவதில்லை.

காவேரியின் புருசன் மாதவராஜ் அப்படித்தான் கருப்பண்ணனின் வண்டியில் எடைக்கு உட்கார்ந்தான். கருப்பண்ணன் இந்தச் சுற்று வட்டாரத்தில் மண் வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர். ஒருநாள் ஈரமண்ணை அளவுக்கு மீறி அள்ளியதில் வண்டியின் பின்பக்கம் தூக்கி அடித்தது. மாதவராஜ் எகிறி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. கருப்பண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “புடிச்சு உக்காரத் தெரியாதவனெல்லாம் எதுக்கு ஏறணும்?” என்று சொல்லிவிட்டுப் போனான். பாவி!

காவேரி ஒப்பாரி வைக்கவில்லை. புருசனுக்குத் தடி பிடித்து நடக்கத் தெம்பு வந்ததும், சும்மா கிடந்த டிராக்டரில் பழைய லோடர் ஒன்றை மாட்டி, தானே ஓட்டப் பழகினாள். ஏரியில் வண்டல் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி கிடைத்தது. மேல்கரை மண்ணை ஏற்றித் தருகிறேன் என்று பேசிவிட்டாள். வேலை தொடங்குமுன் பழகிப் பார்த்தபோதுதான் ஆக்ஸில் தொய்ந்தது. உடனே கருப்பண்ணன் சொல்லி அனுப்பினான்: “வண்டிய எனக்கே வித்துட்டு, எங்கிட்டயே கூலிக்கு வந்துரச் சொல்லு.”

யாரிடம் கூலிக்குப் போவது? புருசன் இடுப்பை ஒடித்தவனிடமா? அதைக் கேட்டு எனக்கே ரத்தம் கொதித்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆக்ஸிலைக் கழற்றி, பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினேன். அடியில் நீளத்துக்குக் கனமான தகடு வைத்து, பக்கவாட்டிலும் மூடிப் பெட்டி மாதிரி ஆக்கினேன். பற்றவைப்பு நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே இழுத்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். சக்கரம் மாட்டுகிற முனைத் தண்டுகளையும் பேரிங்குகளையும் தடித்ததாக மாற்றினேன். காவேரி பக்கத்திலேயே நின்றாள். “இது எதுக்கு, அது எதுக்கு” என்று உயிரை எடுத்தாள். பதில் சொல்லி மாளவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் பெரியண்ணன் வந்தார். மேல்கரை மண்ணுக்காக முதலில் சொல்லி வைத்திருந்த விவசாயி அவர்தான். நல்ல மனுசன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

“முன்னாடி கெட்டியாயிருச்சு. பின்னாடி ரெண்டு பேர மட்காட்ல ஏத்திக்கம்மா. எங்க ஆளுங்களையே அனுப்பறன்.”

காவேரி கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தாள்.

“எம் வண்டில ஆளு ஏற மாட்டான். ஒருத்தன எடைக்கு அனுப்பி நான் பட்டது போதாதா? அப்படித்தான் மண்ணு ஏத்தணும்னா இந்த வண்டிய நானே கொளுத்திப்புடறன்!”

“கோவிச்சுக்காதம்மா. மானம் கருக்குது. மழைக்கு முன்ன மண்ணு வயலுக்குப் போயாவணும். நாளைக்கு நீ தூக்கலன்னா நான் கருப்பண்ணங்கிட்டதான் போவணும். எனக்கும் வேற வழி இல்ல.”

அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். “மனுசன் பண்ற வேலைய எதுண்ணா பண்ணும்?”

“கல்லு பண்ணும்” என்றேன். “தார் டிரம்முல ஜல்லியும் சிமெண்டும் கொட்டி, வண்டிக்குப் பின்னாடி கலப்பை மாட்டற எடத்துல தொங்க விடலாம். அது பின்னாடி இழுத்துப் புடிச்சா முன் ஆக்ஸிலுக்கும் பாரம் கொறையும். ஆனா இன்னிக்கி வார்த்தா நாளைக்குக் காயாதே.”

“காயாட்டி என்ன? டிரம்மு தாங்காதா?”

அதுவும் சரிதான். டிரம்முக்கு வெளியே இரும்புப் பட்டை சுற்றி, குறுக்கே தண்டு ஒன்றை விட்டுப் பற்றவைத்தேன். உள்ளே சிமெண்டு காய்ந்தாலும் காயாவிட்டாலும் கனம் கனம்தானே! ஜல்லி மட்டும் பற்றாக்குறை. காவேரி வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சரக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியது அவள் மாமியார் முனியம்மாள். உள்ளே அவர்கள் வீட்டு ஆட்டுக்கல்!

“அத்தே! இத எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“மாவு ஆட்டத்தான் மிக்சி, கிரைண்டருன்னு வாங்கி வெச்சுட்டீங்களே. கொல்லையில கெடந்து என்னத்த பண்ணுது? எம்மவன் உக்காந்த எடத்துல இது உக்காரட்டும். இது உழுந்தா இடுப்பு ஒடியாது.” சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. காவேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் புகை கண்ணில் பட்டது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். கீழ்க்கரையில் கருப்பண்ணனின் வண்டி, மட்காடுகளில் எடைக்கு இரண்டு ஆட்கள். மேல்கரையில் காவேரியின் வண்டி, பின்னால் ஆட்டுக்கல்லை உள்ளே வைத்து வார்த்த டிரம். பெரியண்ணன் டிரெய்லரோடு காத்திருந்தார். மாதவராஜ் தடியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான்.

காவேரி பக்கெட்டை மண்ணுக்குள் செருகினாள். அடிமண் ஈரம். இன்ஜின் உறுமியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான், மாதவராஜ் தடியைப் போட்டுவிட்டு நொண்டி நொண்டி ஓடினான். மட்காட்டைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தேவிட்டான்!

காவேரி இன்ஜினை அணைத்தாள்.

“எறங்குங்க மாமா.”

“என் ஒருத்தன் எடையாச்சும் ஆவட்டும் காவேரி. கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியலம்மே.”

“உங்க எடை எனக்கு வூட்ல வேணும். வண்டிக்கு வேணாம்.”

அவன் கண் கலங்கிவிட்டது. மெதுவாக இறங்கினான். கீழ்க்கரையிலிருந்து கருப்பண்ணன் சிரித்தான். “ஆளு இல்லாம தூக்குனா வண்டி குப்புறடிக்கும், வேடிக்கை பாருங்க!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜினைக் கிளப்பினாள். பக்கெட் நிறைய மண் மெல்ல மேலே எழுந்தது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆக்ஸிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இம்மிகூட அசையவில்லை. பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பவில்லை. மண் டிரெய்லரில் தொப்பென்று விழுந்தபோது பெரியண்ணன், “அடி சக்கை!” என்று கத்தியேவிட்டார்.

டிரெய்லர் நிறைவதற்குள் கீழ்க்கரையில் சத்தம். கருப்பண்ணனின் மட்காடுகளில் இருந்த இருவரும் கீழே குதித்துவிட்டார்கள். “ஏறுங்கடா!” என்று கருப்பண்ணன் கத்தினான். “நீங்களும் ஒரு கல்லக் கட்டுங்க. நாங்க மண்ணு வெட்டறோம், சிந்துறத வாரிப் போடறோம், என்ன வேணா பண்றோம். இனிமே மேல ஏற மாட்டோம்” என்றார்கள். அவன் எவ்வளவு திட்டியும் ஏறவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கருப்பண்ணன் என் பட்டறைக்கு வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அந்தப் பொம்பள வண்டிக்குச் செஞ்சியே, அதே மாதிரி ஒரு டிரம்மு எனக்கும் செஞ்சு குடு” என்றான்.

நான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினேன்.

“அந்தப் பொம்பளைக்குப் பேரு காவேரிங்க. மொதல்ல அவ வூட்டுக்குப் போயி, அவ புருசன் மூஞ்சப் பாத்துப் பேசிட்டு வாங்க. அப்பறம் டிரம்மு செய்யறன்.”