நெயில் பாலிஷில் எழுதிய எண்பத்து மூன்று

ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வந்து இறங்கும் உதிரிபாகங்களின் மேல் அச்சடித்த எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒன்பது வயதில் நான் செய்த காரியம் தெரிந்த யாரும், என்னை நம்பி ஒரு தீப்பெட்டியைக்கூடச் சோதிக்கக் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா மஞ்சளையும் மரவள்ளியையும் பார்த்துக்கொண்டார். சித்தப்பா கிடாரைப் பார்த்துக்கொண்டார். சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு குழுவில் அவர் வாசித்துவந்தார். கிடாரைவிட அவருக்குப் பெருமை அந்த ஆம்ப்ளிஃபயர்தான். பெங்களூரில் பழைய சாமான் சந்தையில் பிடித்து, ரயிலில் ஏற்றி, பொம்மிடி ஸ்டேஷனில் இரண்டு பேர் சேர்ந்து இறக்கிய பெட்டி. உள்ளே வால்வு. பழைய ரேடியோவின் முதுகைத் திறந்தால் கண்ணாடிக் குழாய்கள் நிற்குமே, அதேதான். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கனிந்து, அதற்கு மனசு வந்த பிறகுதான் சத்தம் வரும். அம்மா அதைப் ‘பொட்டி’ என்பார். அப்பா வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் புரட்டாசியில் பெட்டி ஊமையாகிவிட்டது. பெரிய வால்வுகள் இரண்டும் நன்றாக இருந்தன. கிடாரிலிருந்து வரும் துளி சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்கும் சின்ன வால்வு ஒன்றுதான் போயிருந்தது. ஆனால் கச்சேரிக் குழுவின் தலைவர், எல்லோரும் மாஸ்டர் என்று அழைப்பவர், ஏற்கெனவே வேறு கணக்கில் இருந்தார். குழுவில் புதிதாக ஒரு கீபோர்டு வந்திருந்தது. அதில் ஒரு பட்டனைத் தட்டினால் கிடார் சத்தமும் வந்தது. “விஜயதசமிக்கு அரூர் பக்கம் புரோகிராம். பொட்டி கத்துச்சுன்னா தூக்கிட்டு வா. இல்லைன்னா நீ கஷ்டப்பட வேணாம்பா” என்று அவர் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தர்மபுரியில் மாமனாரின் டைல்ஸ் கடையில் ஒரு நாற்காலி இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது, ஏதோ பல் பிடுங்கும் டாக்டரின் நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

பொம்மிடியில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தவர் ஒருகாலத்தில் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபயருக்குப் போட்ட பழைய வால்வுகள் ஒரு டஜனை, செருப்பு டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். அதை இறக்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தார். கூடப் போனது நான்.

“மண்டையில வெள்ளி பூசினாப்ல இருந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம் தம்பி. பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தா உள்ள காத்து பூந்துடுச்சு, தூக்கிப் போட்ரு. உனக்கு வேண்டியது எண்பத்திமூணு. அது ஊரைக் கூட்டும். எண்பத்திரெண்டும் அதே குழியில உக்காரும், ஆனா அடங்கித்தான் பேசும். பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், நம்பரைப் பாத்து எடுத்துக்க. அழுத்தித் தொடச்சிடாத, எழுத்து போயிடும்.”

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன நேரத்தில் நான் எதிர்க்கடையில் கடலை மிட்டாயைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு விசாரணையில்தான் அப்படி ஒரு வாக்கியம் இருந்ததே தெரிந்தது.

அன்று மாலை சித்தப்பா வெளுத்ததையெல்லாம் கழித்தார். ஆறு தேறியது. மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே ஒத்திகைக்குக் கிளம்பிப் போனார், வந்து எண் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று.

ஆயுத பூஜைக்குச் சாமான் துலக்குவது எங்கள் வீட்டில் என் இலாகா. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் மிஷின், அப்பாவின் வண்டி, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பளபளக்க வேண்டும். “சித்தப்பா சாமானையும் எடுத்து வைடா, அதுவும் ஆயுதந்தான்” என்று அம்மா சொன்னார். சொன்னது கிடாரை. நான் எடுத்தது செருப்பு டப்பாவை. இருபது வருஷத் தூசி. வெறும் துணிக்கு மசியவில்லை. அடுப்புச் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குத்துவிளக்குக்குக்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை. ஆறையும் கண்ணாடிச் சொம்புபோல ஆக்கி, வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். ஆறு பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள்போல இருந்தார்கள்.

பிறகுதான் நினைவு வந்தது. நம்பர்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நல்ல பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். நான் சித்தியின் அலமாரியைத் திறந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தேன். மூன்று வால்வில் 83 என்றும் இரண்டில் 82 என்றும் எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஆறாவதில் 97 என்று போட்டேன். மோசடியிலும் ஒரு நேர்த்தி வேண்டும் என்று நினைக்கிற வயது.

மதியம் சித்தப்பா வந்தார். டப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“குங்குமம் யாருடா வெச்சது?”

“நாந்தான் சித்தப்பா. பூஜைக்கு.”

“நம்பரு?”

“அது… முன்னாடியே இருந்துச்சு.”

“நல்ல கலரு” என்றார். அவ்வளவுதான். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன், வீணாகிவிட்டது.

எண் இல்லாததால் காதால் தேட வேண்டியதாயிற்று. ஒரு வால்வைப் போட்டு, கனியும்வரை காத்திருந்து, வாசித்துப் பார்த்து, அணைத்து, ஆறியதும் துணியால் பிடித்துப் பிடுங்கி, அடுத்ததைச் சொருகுவார். பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடியை லேசாகத் தட்டிப் பார்ப்பார். ஒன்று தட்டினால் கோயில் மணிபோல ஸ்பீக்கரில் கணீரென்றது. உள்ளே எதுவோ ஆடுகிறதாம், கழித்துவிட்டார். ஒன்று வாயில் பொரி போட்டதுபோல நொறுநொறுத்துக்கொண்டே இருந்தது. ஒன்று உம்மென்று ரீங்காரம் போட்டது. 97 பேசவே இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று போட்டதுமே கூரை அதிர்ந்தது. தொழுவத்தில் மாடு எழுந்து நின்றுவிட்டது. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “இதாண்டா! மாஸ்டருக்குக் காது கிழியப்போவுது பாரு.” அதன் மேல் நான் எழுதியிருந்த எண் 82.

என் மோசடி இத்தோடு வெளியே வரப்போகிறது. “அது எண்பத்திரெண்டு சித்தப்பா. எண்பத்திமூணுதான் உங்களுக்கு வேணும். அந்த இன்னொண்ணுதான்!” என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே அந்த இன்னொன்றை எடுத்து மாட்டினார். அதில்தான் பாலிஷை அள்ளி அப்பியிருந்தேன். அது சூடேறியதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து முதலில் வந்தது சத்தமில்லை, நெயில் பாலிஷ் வாசனை.

அந்த வாசனைக்குத்தான் சித்தி சமையல்கட்டிலிருந்து வந்தார். கையெல்லாம் சுண்டலுக்குத் துருவிய தேங்காய். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெட்டிப் பக்கம் அவர் வந்ததே இல்லை. வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “என்னாங்க இது, என் பாலிஷு…” என்று ஆரம்பித்தவர், சித்தப்பா வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

அந்த வால்வு கத்தவில்லை. கிடார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. சித்தப்பா ஒரு பாட்டு முடித்து இன்னொன்றுக்குப் போனார். சோதிக்க இவ்வளவு எதற்கு என்று எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. சித்தி நிலைப்படியில் சாய்ந்து நின்றார். சுண்டல் அடுப்பில் தீய்ந்தது.

“இதையே போட்டு வாசிங்க. முன்னது ஆட்டோ ஆரன் மாதிரி இருந்துச்சு” என்றார் சித்தி.

“சத்தம் பத்தாது புள்ள. மைக்கு பாடறவங்களுக்கே காணல. பொட்டி தனியாத்தான் கத்தணும்.”

“பத்தலைன்னா கிட்ட வந்து கேக்கட்டும்.”

சித்தப்பா பெட்டியை அணைத்து, ஆறியதும் வால்வைப் பிடுங்கி, இரண்டையும் உள்ளங்கைகளில் எடைபோடுவதுபோல வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. “எண்பத்திமூணு சித்தப்பா, அதுலயே எழுதியிருக்குது பாருங்க!”

“அதானே, எழுதியே இருக்குதே” என்று சித்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதையே திரும்பப் பெட்டியில் சொருகினார். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் கையெழுத்து ஒரு பெரிய மனிதரையே ஏமாற்றிவிட்டது என்ற கர்வத்தில் நான் அன்று மூன்று கிண்ணம் பொரி தின்றேன்.

விஜயதசமி அன்று வேனில் எங்களோடு சித்தியும் வந்தார். இருட்டுவதற்கு முன்பே கச்சேரி தொடங்கியது. நான் மேடையில் ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். கிடார் என் முதுகெலும்பிலேயே வாசித்தது. அதைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. எனக்கே இப்படிக் கேட்கிறதென்றால் ஊருக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். கீபோர்டுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்ததையும், கூட்டம் முழுவதும் அந்தப் பக்கமே திரும்பியிருந்ததையும் பார்த்தேன். அவர்களுக்கு இசை ஞானம் இல்லை என்று முடிவுகட்டினேன். சித்தி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசை ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் மாஸ்டர் வந்து சித்தப்பாவின் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். சித்தப்பா தலையாட்டிச் சிரித்தார். பாராட்டுகிறார், அந்தப் பாராட்டில் பாதி நெயில் பாலிஷுக்குச் சேர வேண்டியது என்று நான் கணக்குப்போட்டேன். “கிடாரு கேக்கவே இல்லையேப்பா, இனிமே சிரமப்படாத” என்றுதான் அவர் சொன்னார் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பா சொன்னார். அடுத்த மாதமே சித்தப்பா டைல்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்தபோதுகூட, கச்சேரியில் சாதித்துவிட்டு ஓய்வெடுக்கிறார் என்றே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் பெட்டிக்கு ஒரு பக்கம் சித்தப்பாவும் இன்னொரு பக்கம் சித்தியும் உட்கார்ந்து, பள்ளங்களில் அது சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் நடுவில். வேன் மொரப்பூரைத் தாண்டியது. பிறகு சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க” என்றார் சித்தி. “முழுக்கக் கேட்டுச்சு.”

அதற்குச் சித்தப்பா பெரிய பரிசு வாங்கியவர்போலப் பின்னால் சாய்ந்துகொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டதா என்று விசாரிக்கிறாரே, ஊருக்கே கேட்டது இவருக்குத் தெரியாதா, இந்தச் சித்தப்பா கொஞ்சம் மந்தம்தான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.