நெல்லுக்குக் குடை பிடித்தவள்

குடைக்காரியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அவள் கதையைச் சொல்வேன். பிடிக்காதவள் கதை உனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அவளைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் கிடையாது. ஒருத்தி மேல் பொறாமை வந்துவிட்டால் அவள் நடை, சிரிப்பு, எந்தக் கையால் தலை சொறிகிறாள் என்பதுவரை மனப்பாடம் ஆகிவிடும்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நடைபாதையில் நாற்றும் பூஞ்செடியும் விற்றுக்கொண்டிருந்தவள் அவள். சொந்தமென்று இருந்தது ஒரு கறுப்புக் குடை. அதைச் செடிகளுக்கு விரித்து வைத்துவிட்டு இவள் வெயிலில் நிற்பாள். முகம் கருகிக் கிடக்கும், செடிகள் தளதளவென்று இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "நான் வாடினா தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பேன். அது வாயத் தொறந்து கேக்குமா?" என்பாள். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற விதை ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் கண்ணாடி வீட்டில் செடி வளர்க்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குடையோடுதான் போனாள். கூரைக்குக் கீழேயும் குடை. பெயரே அதுவாகிவிட்டது.

என் இளைய மகளுக்கும் அங்கேதான் வேலை. அவள் நெல்மணியை ஆராய்கிறவள்.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்த பெண், குடைக்காரி வந்த பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். கேட்டால் வேலை என்றாள். சரி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று தூக்குப்பாத்திரத்தோடு போனேன். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், மண் மூட்டைகள் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள் மகள்.

நான் அவசரமாக மூடியைத் திறந்தேன். அவள் கேட்டது என்னை இல்லை, குடைக்காரியை.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் குடைக்காரி. அக்காவாம்! பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் அவளைத்தான் எல்லோரும் மூத்தவள் என்பார்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்தே அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவள் நான். அது தெரியாமல் இவள் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணு சொல்லுச்சுக்கா. நெல்லு பால் பிடிக்கிறப்ப ஒவ்வொரு மணிக்குள்ளயும் ஒரு சலவைக்கூடமே நடக்குதாம். புரதமா வந்து கொட்டிக்கிட்டே இருக்குமாம். ஒவ்வொண்ணையும் ஒழுங்கா மடிச்சாத்தான் உள்ள அடுக்க முடியுமாம். சூடு ஏறிடுச்சுன்னா மடிப்பு கலைஞ்சு குவிஞ்சிடுமாம். அப்ப அது என்ன பண்ணும் தெரியுமா? மேல இருந்து வர்றதக் குறைக்கும், மடிக்க இன்னும் ஆளக் கூப்பிடும், தேறாதத வெளிய தள்ளும்."

"அப்பவும் சமாளிக்க முடியலன்னா?" என்று மகள் அவளைச் சீண்டினாள்.

"மணிக்குள்ள அந்தக் கூடமே செத்துடும்" என்றாள் குடைக்காரி, தன் வீட்டில் இழவு விழுந்தது போல.

விரிப்பு குவிந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினவள் நான். அடுத்த அறையிலிருந்து ஆள் இழுத்து வந்தவள் நான். கந்தலைத் தனியே ஒதுக்கினவள் நான். என் பிழைப்பைப் பார்த்து என் மகள் கண்டுபிடித்த உவமை, என் காதுக்கு வருமுன் அவள் காதுக்குப் போயிருக்கிறது!

"எனக்கு வேலை இருக்கு" என்று பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பருவத்தில் மகள் நெல் தொட்டிகளை ஒரு சூடான அறையில் வைத்திருந்தாள். மேலே வரிசையாகச் சூடு கக்குகிற பெரிய பெரிய விளக்குகள். பால் பிடிக்கிற நேரத்தில் சூட்டில் வாட்டி, மணி உள்ளே என்ன பாடு படுகிறது என்று பார்க்க வேண்டும். வாடுவதுதான் அங்கே வேலையே. குடைக்காரி தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும்.

அறுத்து, உமி நீக்கி, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் அரிசியைப் பரப்பினார்கள். சூடு பட்டதெல்லாம் சுண்ணாம்பு போல வெளுத்து, வெளிச்சமே ஊடுருவாமல் கிடந்தது. ஒரு மூலைத் தொட்டிகளின் அரிசி மட்டும் பளிங்கு. சூட்டைத் தாங்குகிற நெல் கிடைத்துவிட்டது என்று மகள் துள்ளிக் குதித்தாள். ஆராய்ச்சிக்கூடத் தலைவர் வரை சேதி போய்விட்டது.

குடைக்காரி தலை குனிந்துகொண்டு சொன்னாளாம்: "அது தாங்கல கண்ணு. பாக்க மனசு கேக்கல. அந்த மூலைக்கு நான் குடை விரிச்சு வச்சேன்."

நாளை முதல் வராதே என்று தலைவர் சொல்லிவிட்டார்.

கேட்டதும் என் மனசு குளிர்ந்ததே ஒரு குளிர்ச்சி! (இதை எழுதுகிற என் பேத்தி முறைக்கிறாள். எழுதடி.) மகள் அழுதுகொண்டு வந்தாள். வெள்ளாமை வீணாய்ப் போனதற்கு அழுகிறாள் என்று தலையைத் தடவினேன்.

"அவங்க எங்க போவாங்கம்மா? மறுபடி நடைபாதைக்கா? நம்ம முன் அறை சும்மாதான கெடக்கு. இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்."

குளிர்ந்த மனசு கொதித்தது. என் வீட்டிலா? காலையிலும் அம்மா, மாலையிலும் அம்மா என்று இவள் அவளைக் கூப்பிடுவதை நான் கேட்டுக்கொண்டு இருக்கவா?

மறுநாள் காலை, ஆராய்ச்சிக்கூடத்தில் தலைவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வாங்க என்றார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்தார்.

"அந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

"உறவுமில்ல, ஒண்ணுமில்ல. அவளக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அவ இங்கயே இருக்கணும். அதுக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "செடிய வாட விட மனசு வராதவங்கள வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"வளக்குறதுக்கு வச்சுக்கோங்க. வாட்டுறத என் பொண்ணு பாத்துக்குவா. அவளுக்கு அது நல்லா வரும், என்னையே வாட்டுறாளே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து விதைக்க வேண்டும் என்றார். சூடான அறைப் பக்கம் குடைக்காரி போகக்கூடாது. குடை ஆராய்ச்சிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது.

"சொன்னா கேப்பாங்களா? குடைய யார் வாங்கி வச்சுக்கறது?" என்று கேட்டார்.

"நான் வச்சுக்கறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. புத்தி வருவதற்குள் வாய் வந்துவிடுகிறது எனக்கு.

இப்போது குடைக்காரி நாற்று விடுகிறாள், வளர்க்கிறாள். பால் பிடிக்கிற சமயத்தில் மகள் தொட்டிகளைச் சூடான அறைக்குள் தூக்கிப் போகும்போது, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளாம்.

காலையில் எங்கள் வாசல் ஆணியில் குடையை மாட்டிவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வந்து, "அக்கா, குடை" என்கிறாள். எடுத்து நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து மகள் குரல்: "உள்ள வாங்கம்மா!" வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மழை பெய்தால், விடட்டும் என்று இன்னும் உட்காருகிறாள். கையில்தானே குடை இருக்கிறது!

சும்மாவும் இருக்கமாட்டாள். கொடியிலிருந்து எடுத்துப் போட்ட துணியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மடிப்பாள். "அம்மா எவ்வளவு அழகா மடிச்சிருக்காங்க பாரு" என்கிறாள் மகள். அழகாம். ஒரு ஓரமும் இன்னொரு ஓரமும் சேரவில்லை, கைப்பகுதி வெளியே தொங்குகிறது. அவள் குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்து, அத்தனையையும் உதறிப் பிரித்து, மறுபடி நானே மடிக்கிறேன்.