ஆர்டிஸ் போடாத கையெழுத்து

வெர்லா ஸ்லாமா முப்பத்தொரு வருடம் கிராமத்து வழித்தடத்தில் தபால் போட்டவள். பெல்லர் மாவட்டத்தின் தெற்குப் பாதி அவளுடையது. ஒரு நாளைக்கு நூற்றுப் பதினான்கு மைல், வாரத்துக்கு ஆறு நாள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் சொந்தக் காரில் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது காலையும் இடது கையையும் நீட்டி ஓட்டிக்கொண்டே, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் செருகுவாள். அப்படி ஓட்டி ஓட்டி இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அரசுத் தபால்காரர் வேலை நேரத்தில் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. வெர்லா அதை விதி கேட்டதைவிடக் கடுமையாகக் கடைப்பிடித்தாள். வேலை முடிந்த பிறகும் பேசவில்லை. தேர்தல் சமயத்தில் வீட்டு வாசலில் கட்சிப் பலகை நடவில்லை. மாவட்டத்தில் பத்துக்கு எட்டுப் பேர் அவள் கட்சிக்கு எதிரான கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அவர்களுடைய பெட்டிகளில், கருக்கலைப்பு கூடாது என்று கருவிலிருக்கும் சிசுவின் படம் போட்ட அட்டைகளையும், தன் கட்சி அனுப்பிய அட்டைகளையும் ஒரே மாதிரி செருகினாள். தன் கட்சியின் அட்டைகள்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். ‘உன் உரிமை ஆபத்தில் இருக்கிறது, இருபத்தைந்து டாலர் அனுப்பு’ என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். இவர்கள் கையில் ஆட்சி இருந்த வருடங்களிலும் அதே அட்டைதான் வந்தது. அந்த உரிமையை ஒரு சட்டமாக எழுதி வைக்க யாருக்கும் கை வரவில்லை. ஆபத்து தீர்ந்துவிட்டால் அட்டையில் எதைப் போடுவது என்று அவள் கசப்போடு நினைத்துக்கொள்வாள். இருபத்தைந்து டாலரையும் அனுப்புவாள்.

பிறகு உச்ச நீதிமன்றம் அந்தக் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்டது. மறு வருடமே மாநிலச் சட்டமன்றம் தடை கொண்டுவந்தது. அதற்குள் வெர்லா ஓய்வு பெற்றிருந்தாள். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் விழுங்கிய பேச்சு தொண்டையில் அப்படியே நின்றது.

தடையை நீக்கக் கோரி, மக்கள் ஓட்டுக்கு விடுவதற்கான மனு தொடங்கியபோது, பெல்லர் மாவட்டத்துக்குப் பொறுப்பேற்க வந்தது அவள் ஒருத்திதான். மாநிலம் முழுக்க எத்தனை கையெழுத்து வந்தாலும் போதாது. நாற்பது மாவட்டங்களில், ஒவ்வொன்றிலும், நூற்றுக்கு ஐந்து வாக்காளர் கையெழுத்திட வேண்டும். பெல்லருக்கு இருநூற்றைந்து. வாங்குகிறவர் கண்ணெதிரே போட்டால்தான் செல்லும். ஆகவே வெர்லா பழைய வழித்தடத்திலேயே மறுபடி கிளம்பினாள். இந்த முறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் மனு அட்டையை வைத்துக்கொண்டு.

"என்ன வெர்லா, இன்னிக்குத் தபாலா வம்பா?" என்று தானியக் கிடங்கு வாசலில் நின்ற கார்ல் வான்யெக் கேட்டான். வம்புதான் என்றாள். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, அரசாங்கம் தன் துப்பாக்கியையும் தொடக் கூடாது, பெண்பிள்ளைகள் வயிற்றையும் தொடக் கூடாது, ஏழைகளுக்குக் கொடுக்கிற மருத்துவ உதவியையும் நிறுத்திவிட வேண்டும் என்று விளக்கம் சொன்னான். வெர்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது நிமிடம் அவனோடு வாதாடினாள். நல்லவேளை, பேனா ஏற்கெனவே தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. அந்த இருபது நிமிடத்திலிருந்து அவள் ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் கடைசியில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு சேர்ந்திருந்தது. இன்னும் ஒன்பது நாள். அப்போதுதான் ஆர்டிஸ் கோபெக்கி தானாகவே கூப்பிட்டாள்.

ஆர்டிஸும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆர்டிஸ் தேவாலயத்தை விட்டு வெளியே வராதவள். வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஏழு பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. அந்த எழுவருக்கும் ஆர்டிஸ் சொன்னால் சொன்னதுதான். அவளையும் சேர்த்தால் எட்டுப் பேர், அப்புறம் மூன்றே மூன்று போதும். ஆர்டிஸே கூப்பிட்டிருக்கிறாள் என்றால் மாவட்டம் தேறிவிடும் என்று வெர்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

சமையலறை மேசையில் காப்பியும் கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியும் இருந்தன. ஆர்டிஸ் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். மார்ச்சில் அவள் பேத்தி டெஸ்ஸாவுக்குப் பதினேழாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை பிழைக்காது என்று மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. தடைச் சட்டத்துக்குப் பயந்து, வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டதும் அவள் புருஷன் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, நான்கு மணி நேரம் ஓட்டி, தடை இல்லாத பக்கத்து மாநிலத்துக்குப் போனான். டெஸ்ஸா பிழைத்தாள்.

வெர்லா அட்டையை மேசைமேல் வைத்தாள். ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முழுதும் படித்தாள். பேனாவை எடுத்தாள். தன் பெயரின் முதல் எழுத்து விழ வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோடி. நான் அதுக்கு ஆதரவு கிடையாது. டெஸ்ஸாவுக்காகப் போடறேன். அவளோடது வேற. ஊர் மேஞ்சிட்டு வந்து வயித்தைக் கழுவிட்டுப் போறவளுக்காக இல்ல."

வெர்லா சும்மா இருந்திருக்கலாம். காப்பியைக் குடித்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கலாம். ஐந்து நொடிதான்.

"வேற இல்ல ஆர்டிஸ்," என்றாள்.

"என்னது?"

"டெஸ்ஸாவோடது வேற இல்லங்கறேன். காரணம் கேட்டுட்டுக் குடுத்தா அது உரிமை இல்ல, சலுகை. டெஸ்ஸாவை ரெண்டு நாள் ஏன் படுக்க வெச்சாங்க? இவளோட காரணம் செல்லுமா செல்லாதான்னு பாக்கறதுக்கு. நீயும் அதையேதான பாக்கறே?"

ஆர்டிஸ் பேனாவைத் தாளிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினாள். "அந்தப் பொண்ணு அங்க கெடந்தது என்னாலங்கறியா?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் கேட்காத கேள்வி ஒன்று வெர்லாவிடம் இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் அவள் அதை விழுங்கியிருக்கிறாள்.

"நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு யோசிச்சுப் பாரு," என்றாள்.

ஆர்டிஸ் பேனாவை மூடி, அட்டையின் பிடிப்பானில் நேராகச் செருகி வைத்தாள். "காப்பி ஆறிப்போச்சு," என்றாள். எழுந்து போய் மிச்சமிருந்த ரொட்டிகளை மெழுகுத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரையும் எப்படிப்பட்ட கோபத்திலும் வெறுங்கையோடு அனுப்பாத ஊர் அது. வெர்லா வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கார் கிளம்பி ஒரு மைல் போகும்வரை தான் சொன்னதில் எந்த வார்த்தை தவறு என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை அடித்தளத்துக்குப் போனாள். ஏழு பெண்களும் அன்பாகத்தான் பேசினார்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அட்டையை நீட்டியதும் ஊசியைப் பார்த்தார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆர்டிஸ் அன்று வரவில்லை.

அதற்குப் பிறகு வெர்லா ஓடாத இடமில்லை. மாவட்டக் கண்காட்சித் திடலில், பழைய கார்களை மோதவிடும் பந்தயத்துக்கு வந்த கூட்டத்தில் வெயிலில் நான்கு மணி நேரம் நின்றாள். ஏழு கையெழுத்து கிடைத்தது. அதில் மூன்று பேர் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள், செல்லாது. ஒருவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அவன் வீட்டுக்கு இருபது வருடம் அவன் அம்மாவின் ஓய்வூதியக் காசோலையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

கடைசி நாள் காலையில் ஆர்டிஸ் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாள். அட்டையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அது சாமர்த்தியமா மரியாதையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆர்டிஸ் வாசலிலேயே நின்றாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"ஞாயித்துக்கெழமை கோவில்ல அவங்க மனுவுக்குப் போட்டுட்டேன்," என்றாள். தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைக்கக் கோரும் எதிர்மனு அது. "நாங்க எட்டுப் பேரும்."

"டெஸ்ஸாவுக்கு அப்படி ஆனதுக்கு அப்புறமுமா?"

"அதுல உசுருக்கு ஆபத்துன்னா பாத்துக்கலாம்னு ஒரு வரி இருக்கு."

அந்த வரி இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது, டெஸ்ஸாவைப் படுக்க வைத்ததே அந்த வரிதான் என்று வெர்லாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"என்னமோ கொண்டுவந்தாங்க," ஆர்டிஸ் தொடர்ந்தாள். "ஏன் போடறேன்னு கேக்கல. யாருக்கு ஓட்டுப் போட்டேன்னும் கேக்கல. பேனாவைக் குடுத்தாங்க, தேங்க்ஸ்னாங்க, அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாங்க. மனசுக்கு லேசா இருந்துச்சு வெர்லா. உன்கிட்ட அன்னிக்குப் பரீட்சை எழுதின மாதிரி இருந்துச்சு. நான் ஃபெயிலு."

வெர்லா தலையை அசைத்தாள். ஒரே ஆள் இரண்டு மனுவிலும் கையெழுத்திடலாம், சட்டம் தடுக்கவில்லை. அது நாக்கு நுனிவரை வந்தது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. மூட வேண்டிய நேரத்தில் திறந்தாயிற்று. இது திறக்க வேண்டிய நேரமோ என்னவோ. இரண்டையும் பிரித்தறியும் புத்தி இத்தனை வயதிலும் தனக்கு வாய்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"டெஸ்ஸா எப்படி இருக்கா?"

ஆர்டிஸ் வலைக்கதவைத் திறந்து ஒரு படி இறங்கினாள். குரல் தாழ்ந்தது. "மறுபடி உண்டாயிருக்கா. இப்பதான் தெரிஞ்சுது. அவசரப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. கேக்கல. பிப்ரவரிலன்னு சொல்றாங்க."

வெர்லாவுக்குச் சந்தோஷம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னாள். ஆர்டிஸ் அதற்கு நன்றி சொன்னாள். ஆர்டிஸின் கை மேலங்கியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. பேத்தியை நினைத்த பயம் முழுதும் அந்த விரல்களில் இருந்தது. மேசையருகே அன்று அந்த விரல்களைப் பார்த்திருந்தால் போதும், வாக்கியங்களைக் கேட்டிருக்க வேண்டாம் என்று வெர்லா நினைத்தாள்.

அன்று சாயங்காலம் மாவட்டத் தாள்களைத் தலைநகருக்கு அனுப்பி வைத்தாள். இருநூற்று இரண்டு. மூன்று வாரம் கழித்து, சரிபார்ப்பில் நான்கு கழிந்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை தேவைக்கு மேலேயே இருந்தது. மாவட்டக் கணக்கில்தான் உதைத்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. குறைந்த இரண்டில் ஒன்று பெல்லர். மனு ஓட்டுச் சீட்டுக்குப் போகவில்லை.

தலைநகரிலிருந்து மிரியம் ஓக்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். மனுவுக்கான மாநில அமைப்பாளர் அவள். குரல் கட்டிப்போயிருந்தது. எல்லா மாவட்டப் பொறுப்பாளர்களையும் வரிசையாகக் கூப்பிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெல்லர் மாதிரி ஒரு இடத்தில் அத்தனை கையெழுத்து வாங்கியதே பெரிய காரியம் என்றாள். அங்கே இருக்கிறவர்களின் மனதை மாற்றுவது யாராலும் ஆகாது, நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றாள். வெர்லா அதை ஒத்துக்கொண்டு தொலைபேசியை வைத்திருக்கலாம். அவளும் பல வருடம் அப்படி நினைத்து ஆறுதல் பட்டவள்தான்.

"மாறித்தான் வந்தாங்க மிரியம்," என்றாள். "எட்டுப் பேரு. பேனா கையில இருந்துச்சு." பிறகு அந்தச் சமையலறையில் நடந்தது முழுவதையும், தான் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல், சொன்னாள்.



"ஆனா நீங்க சொன்னதுல தப்பே இல்லையே," என்றாள் மிரியம்.

"இல்ல," என்றாள் வெர்லா. "தப்பே இல்லாமத்தான் சொன்னேன்."

அடுத்த முயற்சிக்கு இரண்டு வருடம் இருக்கிறது, இப்போதே தொடங்கினால் முடியும் என்று மிரியம் பேச ஆரம்பித்தாள். வெர்லா கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் நாட்காட்டி தொங்கியது. ஆகஸ்டிலிருந்து டெஸ்ஸாவுக்கு நாள் குறித்த பிப்ரவரிவரை மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். ஏழு விரல் மடங்கியது.