ஏழு மணிக்குமேல் பிள்ளை இருந்தால்

சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குழந்தை நல விஷயங்களில் ஆலோசனை சொல்வது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைப் பொறுத்துக்கொண்ட எங்கள் ஒய்.பி.யிடம் (மலேசியாவில் சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தான் அழைப்போம்) ஒரு வழக்கம் உண்டு. எந்த வரைவும் சட்டமன்றத்துக்குப் போகுமுன், அது யார் தலையில் விழுமோ அவரிடம் நானே போய் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். படித்தவள் எழுதியதற்கு இது வேறயா!

அந்த முறை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கான வரைவு. மாலை ஏழு மணிக்குமேல் பிள்ளை இருந்தால் அவர்கள் பதிவு ரத்து என்று எழுதியிருந்தேன். பிள்ளைகள் நேரத்தோடு வீடு சேரட்டுமே என்ற நல்லெண்ணம்தான். மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். முனகிக்கொண்டே ஜாமில் ஊர்ந்து பாயான் பாருவுக்குப் போனேன்.

அடுக்குமாடி வீட்டில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, ஒருவனுக்குச் சோறு ஊட்டியபடி நான் வாசித்ததைக் கேட்டார். ஏழு மணி விதி வந்ததும் ஊட்டிய கை நின்றுவிட்டது.

"ஏம்மா, இவன் அம்மாவுக்கு ஃபேக்டரியில ஷிப்ட் முடியறதே ஏழு மணிக்குத்தான். புருஷன் இல்லாதவ. பஸ் புடிச்சு வர எட்டாயிடும். இவனை நான் வெளிய நிறுத்தவா, இல்ல அவ வேலைய விடவா? நீங்களே சொல்லுங்க லா."

சே! எத்தனை வருஷமாக ஃபேக்டரி ஆட்களை ஏற்றிவரும் ஷிப்ட் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திட்டியிருக்கிறேன்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தத் தாய் வரும்வரை இருந்தேன். எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க, பஸ் ஸ்டாப்பிலிருந்து யூனிபார்மோடு ஓடி வந்தாள். என் கையில் ஃபைலைப் பார்த்ததும் மூச்சு வாங்க, "சாரி மிஸ், இனிமே லேட்டாக மாட்டேன்" என்றாள்.

கீழே இறங்கியதும் ஒய்.பி.யைக் கூப்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன், வரைவை நிறுத்துங்க" என்றேன். "அதுக்குத்தானே உங்கள அனுப்பினேன்" என்று சிரித்தார். அவருக்கும் அந்த அக்காவுக்கும் என்றைக்கும் நன்றிக்கடன்பட்டவள் நான். அவர்கள் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன்.

வேலை முடிந்து பெற்றோர் வந்து சேரும்வரை பிள்ளை இருக்கலாம் என்று விதி மாறி நிறைவேறியது. சொல்வதற்காக அக்காவுக்குப் போன் போட்டேன். பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த அந்தத் தாய் போனை வாங்கினாள்.

"அப்போ இனிமே பஸ் ஸ்டாப்புலேருந்து ஓடாம நடந்தே வரலாமா மிஸ்?"

"வரலாம்மா" என்றேன்.